ஆட்சேபணையற்ற இடம்

தாலுகா ஆபீஸ் மாடியில் மின்விசிறி சுற்றுவது
காற்றுக்காக அல்ல.
வேலூர் வெயிலைக் கலக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.
காகிதம் பறக்காமலிருக்க
நான்கு கூழாங்கல் வைத்திருக்கிறேன்.

கோப்பு என் மேசைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை:
ஆற்றோரக் குடிசைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
வகைப்பாடு, ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு.
பல வருஷம் மணல் லாரி மட்டுமே ஓடிய பாலாறு
ஒரு நவம்பரில் தண்ணீரோடு வந்துவிட்டது.
குடிசைகள் அதன் வழியில் நிற்பது
அன்றைக்குத்தான் அரசாங்கத்துக்குத் தெரிந்தது.
பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம்
ஆற்றுக்குள் பதினோரு மீட்டர்.
நானே டேப் பிடித்தேன்.
அதற்குப் பட்டா இருக்கிறது.
அந்த இடத்தில் ஆறுதான் ஆக்கிரமிப்பு.

மாற்றிடம் தேடினோம்.
முதல் இடம் நகரத்துக்குள்ளேயே, மேட்டு நிலம்,
பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்.
நலச்சங்கத்தார் வந்தார்கள், லெட்டர்பேடோடு:
"எங்கள் பகுதியின் அமைதி கருதி..."
இரண்டாவது, ஏரிக்கரை ஊர்.
இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து,
அதில் நாற்பது ஒரே பேனா, ஒரே கை.
"சாதியெல்லாம் பாக்கிறதில்ல மேடம்,
திருவிழாவுக்கு எடம் வேணும்."
மூன்றாவது, பதினான்கு கிலோமீட்டர் தள்ளி,
குப்பைமேட்டுக்கு அப்பால்,
தோல் ஷாப்புத் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளம்.
ஒரு மனுவும் வரவில்லை.
ஈக்களுக்கு எழுதத் தெரியாது.

ஏகாம்பரம் சார் ரப்பர் ஸ்டாம்பை ஊதிக் குத்தினார்:
ஆட்சேபணையற்றது.

முன்மாதிரிக்காக ஆவண அறைக்குப் போனேன்.
எழுபத்தெட்டாம் வருஷத்துக் கட்டு,
கரையான் தின்றது போக மிச்சம்.
நான் பிறந்த காலனி அதில் இருந்தது,
நான் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே,
'ழ' உடைந்த தட்டச்சில்:
"ஊருக்குக் கீழண்டை, காற்று ஊருக்குள் திரும்பாத திசையில்.
ஊரார் ஆட்சேபணை இல்லை."
எங்கள் கிணறு ஏன் உப்பு,
மழை ஏன் முதலில் எங்கள் வாசலுக்கு வருகிறது,
பஸ் ஏன் ஆலமரத்தோடு திரும்பிவிடுகிறது,
கேட்டபோதெல்லாம் தலைவிதி என்றார்கள்.
விதிக்கு ந.க. எண் இருந்தது.
தேதி இருந்தது.
பச்சை மையில் கையெழுத்தும்.

காட்பாடியில் வாடகைக்கு வீடு கேட்டபோது
அந்த அம்மாள் காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள்:
"சொந்த ஊருல எந்தத் தெருவும்மா?"
புல எண் சொன்னேன்.
உட்பிரிவு வரைக்கும் சொன்னேன்.
வீடு ஏற்கெனவே வேறு யாருக்கோ பேசிவிட்டதாம்.

வரைபடத்தில் பதினான்கு கிலோமீட்டர் ஒரு சாண்.
அமுலு அந்தச் சாணைக் குனிந்து பார்த்தாள்.
"அங்கேர்ந்து மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?
ஆஸ்பத்திரில ஆறு மணிக்கு நான் தொடப்பம் புடிக்கணும்."
ஏழு பத்துக்கு.
"அப்ப ஊட்டைக் குடுத்து
வேலைய புடுங்கிக்கிறீங்க" என்றாள்,
கோபமில்லாமல், சில்லறை எண்ணுகிற குரலில்.

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்:
ஆட்சேபணை இருப்பின் விவரம்.
எழுதினேன், அமுலு, வயது நாற்பத்து மூன்று,
முதல் பஸ் ஏழு பத்து.
ஏகாம்பரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நல்ல மனிதர்.
என் பதவி உயர்வுக்கு மூன்று முறை எழுதியவர்.
"அந்தக் கட்டம் அக்கம்பக்கத்து ஆளுங்களுக்கும்மா.
குடிபோறவங்களுக்கு இல்ல."
கல்லுக்கு அடியிலிருந்து
புதுப் படிவம் ஒன்றை உருவித் தந்தார்.

என் கையெழுத்து அழகாக இருக்கும்.
காலனிப் பள்ளிக்கூடத்தில் அதற்கு
ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்கள்.
அந்தக் கையால்,
கோட்டுக்கு மேலே ஏறாமல், கீழே இறங்காமல்,
எழுதினேன்:
இல்லை.